வெள்ளத்தில் நனையாத வண்டி



ஆடி மாதத்தில் நான் புதிய மோட்டார் சைக்கிள் வாங்கியது முதல் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "பழைய வண்டிக்கு என்ன போட்டாங்க ஐயா?" நான் 19,500 ரூபாய் என்று சொன்னேன். நீங்களும் புருவம் உயர்த்தி, நல்ல விலை என்று மெச்சினீர்கள். அந்த மெச்சுதலை நானும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். இன்று அந்தத் தொகை சரியல்ல என்பதை உங்களுக்கு அறிவிக்க வேண்டியவனாயிருக்கிறேன். கமிட்டியாரிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன். சபையாராகிய உங்களுக்கும் சொல்லாமல் இந்த வாரத்துச் சிந்தனையாக வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பழைய வண்டியை உங்களுக்குத் தெரியும். 2012இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர். மூன்று சேகரங்களுக்கு என்னோடு மாறுதலாகி வந்தது. நடுராத்திரியில் மருத்துவமனைக்கும், வெயிலில் கல்லறைத் தோட்டத்துக்கும், அசன விருந்துக்கு முந்தின நாள் காய்கறி மூட்டையோடும் ஓடியது. அதன் கிலோமீட்டர் காட்டி 99,999ஐத் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் பூஜ்யத்திலிருந்து புதுக்கணக்குத் தொடங்கியிருந்தது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை நான் ஆற்றங்கரையோரக் கிளைச் சபைக்குக் கேரல் பவனி ஏற்பாடு பற்றிப் பேசப் போயிருந்தேன். மழை விடாமல் பெய்தது. அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். இருட்டிய பின் இரு சக்கரத்தில் திரும்ப வேண்டாம் என்று சபையார் என்னைத் தங்கள் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வண்டியை ஆலயத்தின் பக்கத்துத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். அன்றிரவு தாமிரபரணி என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலே நின்றுபோனது. புதன்கிழமை நாங்கள் வண்டியைக் கண்டபோது அது பெட்ரோல் டேங்க் வரை வண்டலில் புதைந்து கிடந்தது.

வீடுகளையும் ஆடுமாடுகளையும் இழந்தவர்கள் நடுவில் என் வண்டியைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாயிருந்தது. ஆகவே யாரிடமும் அதிகம் சொல்லவில்லை. நமது மெக்கானிக் அதை நான்கு நாள் வைத்திருந்து, என்ஜின் ஆயிலை மூன்று முறை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, பிரேக் ஷூவையும் பேரிங்குகளையும் மாற்றி ஓட வைத்தார். கையில் கொடுக்கும்போது சொன்னார்: "என்ஜின் பரவாயில்ல ஐயா. ஆனா வயரிங்க மாத்திரணும். உள்ள எல்லாம் பச்சை பிடிச்சிருக்கு." செம்புக் கம்பியில் நீர் புகுந்து பாசிநிறம் கொண்டதைத்தான் அவ்வாறு சொன்னார். ஆகட்டும், அடுத்த மாதம் பார்ப்போம் என்றேன். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

ஜூன் மாதத்தில் ஓர் இரவு. ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடித்து, மனைவியைப் பின்னால் இருத்திக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது முகப்பு விளக்கு அணைந்துபோனது. ஹாரனும் இல்லை. எதிரே ஒரு டிராக்டர். எப்படியோ ஓரங்கட்டி நின்றோம். சில நிமிடம் கழித்து, ஒன்றுமே நடவாததுபோல விளக்கு தானாக எரிந்தது. அதுதான் அந்தக் கோளாறின் தன்மை. வண்டி ஈரப்பட்டிருந்தால், அல்லது அரைமணி நேரத்துக்கு மேல் ஓடிச் சூடேறினால், விளக்கு போகும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அன்றிரவே புதிய வண்டி வாங்குவதென்று முடிவு செய்தேன்.

சேகரக் கமிட்டி 30,000 ரூபாய் ஒதுக்கியது. மீதம் என் சேமிப்பு. பழைய வண்டிக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறதோ அவ்வளவு தொகையைக் கமிட்டிப் பணத்திலிருந்து குறைத்துக்கொண்டு, கிளைச் சபை ஆலயத்தின் வெள்ளச் சேதத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நானே முன்மொழிந்தேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் நான் பின்பு செய்ததற்கு எனக்குள் நான் சொல்லிக்கொண்ட நியாயம் இதுவே. இது என் பணமல்ல, சபையின் பணம். இதில் ஒரு ரூபாயை விட்டுக்கொடுக்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஆடி மாதத்தில் வாகனம் வாங்குவோர் குறைவு. நமக்கோ நாளும் இல்லை, கிழமையும் இல்லை. எனவே ஆடித் தள்ளுபடியை அனுபவிப்பவர்களில் கிறிஸ்தவர்களுக்கு முதலிடம் என்று ஒரு மூப்பர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தூத்துக்குடியில் நான் போன ஷோரூமில் அன்று எங்களைத் தவிர இன்னும் ஒரு குடும்பம் மட்டுமே இருந்தது. விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். வண்டியின் விலை ஒன்று. அதன்மேல் 10 விழுக்காடு சாலை வரி, 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. அதன்மேல் ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டையும் உட்கொண்ட இன்சூரன்ஸ். பதிவுச் செலவு. இவ்வளவும் சட்டப்படியானவை. அதற்குக் கீழே கையாளுதல் கட்டணம் என்றொரு வரி, துணைப்பொருட்கள் என்றொரு வரி. இவற்றை நான் கேள்வி கேட்டேன், அவர்கள் ஒன்றை நீக்கி இன்னொன்றைக் குறைத்தார்கள். இது முறையான பேரம். உங்களில் வண்டி வாங்கப் போகிறவர்கள் தயங்காமல் ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். கேட்பதில் பாவமில்லை. சீட் கவரை இலவசமாகவே வாங்கிக்கொண்டேன் என்பதைச் சிறு பெருமையோடு பதிவு செய்கிறேன்.

பின்பு பழைய வண்டியை மதிப்பிட ஓர் இளைஞர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்து, சேசிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு, கிக்கரை உதைத்து என்ஜின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, சைலன்சரில் புகையைப் பார்த்து, டயரையும் செயின் ஸ்பிராக்கெட்டையும் விரலால் தடவினார். 16,000 என்றார். நான் 22,000 கேட்டேன். மீட்டரைப் பார்த்து, "பதினாலாயிரம்தான் ஓடியிருக்கா?" என்று வியந்தார். "இல்லை தம்பி, அது ஒரு சுற்று முடிந்து வந்தது. உண்மையில் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்" என்று நானே முன்வந்து சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை அங்கியில்லை, ஆனால் கழுத்தில் காலர் இருந்தது. "இத யாரும் சொல்ல மாட்டாங்க ஐயா" என்றார்.

பிரியமானவர்களே, அந்த ஒரு வினாடி எனக்குள் என்ன நடந்தது என்பதைப் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அந்த உண்மையை நான் நேர்மையினால்தான் சொன்னேன். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அது என் கையில் ஒரு நாணயமாக மாறிவிட்டதை உணர்ந்தேன். அதைச் செலவிடும் தருணமும் உடனே வந்தது. அவர் தம் படிவத்தில் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து, பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்:

"வண்டி வெள்ளத்துல நின்னுச்சா ஐயா?"

"நம்ம வீடு மேட்டுல இருக்கு தம்பி. படிக்கட்டு வரைகூடத் தண்ணி ஏறல."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நம் குருமனை மேட்டில்தான் இருக்கிறது. படிக்கட்டு வரை தண்ணீர் ஏறவில்லை. அவர் தலையசைத்துக் கட்டத்தில் இல்லை என்று குறித்தார். மேலாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, 19,500 என்றார். நான் மேலும் ஒரு முறை கேட்டுப் பார்த்தேன், அதற்குமேல் முடியாதென்றார். கைகுலுக்கினோம்.

திரும்பும் வழியில், புதிய வண்டியில், என் மனைவி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குள் நுழையும்போது மட்டும் கேட்டார்: "அந்த லைட்டு விஷயத்த அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க பரிசோதிச்சுத்தான் எடுத்தாங்க" என்று கொஞ்சம் எரிச்சலோடு சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வாய்க்கால் பாலத்தில் இருட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

நான் இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் ஆதியாகமம் 20ஆம் அதிகாரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். ஆபிரகாம் கேராரில் தன் மனைவி சாராளைத் தன் சகோதரி என்று சொன்ன கதை. பிற்பாடு அபிமெலேக்கு அவனை வரவழைத்துக் கேட்கும்போது, அவள் உண்மையாகவே தன் தகப்பனுக்குப் பிறந்தவள், தாய் மட்டும் வேறு என்று ஆபிரகாம் விளக்கம் தருகிறான். அதாவது, நான் பொய் சொல்லவில்லை என்கிறான். அந்தக் கட்டுரையில் அவனை நான் மிகக் கடுமையாக விமர்சித்திருந்தேன். பேராசிரியர் ஓரத்தில், இவ்வளவு கோபம் தேவையில்லை என்று எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குறிப்பு எனக்கு விளங்கியது. கேராரில் ஆபிரகாம் சொன்னதும், ஷோரூமில் நான் சொன்னதும் ஒரே வாக்கியம். இரண்டும் உண்மைச் செங்கல்லால் கட்டப்பட்ட பொய்ச் சுவர்.

ஆனால் அதே ஆபிரகாமைத்தான் மூன்று அதிகாரம் தள்ளி நாம் பேரம் நடக்கும் இடத்தில் மறுபடியும் காண்கிறோம். சாராள் இறந்துவிட்டாள். அடக்கம் செய்ய ஒரு நிலம் வேண்டும். ஏத்தின் புத்திரர் கூடியிருக்கும் பட்டண வாசலில், எப்பெரோன் என்பவனிடம் மக்பேலா குகையைக் கேட்கிறான். எப்பெரோன் முதலில் சும்மாவே தருகிறேன் என்கிறான். கீழை நாட்டுப் பேரத்தில் அது ஒரு மரியாதைச் சொல் மட்டுமே, நம் ஊர்க் கடைக்காரர் "உங்களுக்கு இல்லாததா" என்று சொல்வதைப் போல. பின்பு நானூறு சேக்கல் வெள்ளி, உமக்கும் எனக்கும் அது என்ன பெரிது என்ற பாவனையில் விலையைச் சொல்கிறான். எரேமியா ஆனதோத்தில் வாங்கிய நிலத்துக்குப் பதினேழு சேக்கல்தான் கொடுத்தான் என்பதை ஒப்பிட்டால், எப்பெரோன் கேட்டது கொள்ளை விலை என்று வேதவல்லுநர் பலர் கருதுகிறார்கள். காலமும் நிலத்தின் அளவும் வேறு வேறாகையால் நான் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். எப்படியானாலும் ஆபிரகாம் ஒரு சொல்லும் குறைத்துக் கேட்கவில்லை. எல்லாரும் காண நிறுத்துக் கொடுத்தான். கேராரில் வாயை மட்டும் நம்பியவன் மக்பேலாவில் தராசை நம்பினான். நடுவில் அவனுக்கு என்னென்ன நேர்ந்ததென்று நீங்கள் வீட்டில் வாசித்துப் பாருங்கள். மோரியா மலை அந்த இடைவெளியில்தான் வருகிறது.

நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் 14ஆம் வசனம் வாங்குகிறவனைப் பற்றிப் பேசுகிறது. வாங்கும்போது பொருளை இகழ்கிறான், வாங்கிப் போன பின் அதைப் பற்றியே பெருமையடிக்கிறான் என்பது அதன் கருத்து. எபிரெயத்தில் கெட்டது என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வரும். சந்தையில் ஒருவன் உதட்டைப் பிதுக்குவது காதில் விழுவதுபோலவே இருக்கும். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் இந்த வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதில் ஒரே மனிதன் ஒரே மேசையில் ஒரே வேளையில் வாங்குகிறவனாகவும் விற்கிறவனாகவும் இருக்கிறான். புதிய வண்டியில் நான் குற்றம் கண்டுபிடித்தேன். பழைய வண்டியின் குற்றத்தை மூடினேன். உபாகமம் 25இல் ஒரே பையில் பெரிதும் சிறிதுமான இரண்டு படிக்கற்களை வைத்திருக்கலாகாது என்ற கட்டளையை நான் மளிகைக் கடைக்காரர்களை மனதில் வைத்துப் பிரசங்கித்திருக்கிறேன். நம் சபையில் மளிகைக் கடை நடத்துகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

மனம் திரும்பியது ஒரே நாளில் அல்ல. பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் நான் எனக்குச் சொல்லாத சமாதானம் இல்லை. அவர்கள் வியாபாரிகள், அவர்களுக்குத் தெரியாததா. இந்தப் பகுதியில் எந்த வண்டி நனையவில்லை. என் வீடு மேட்டில்தானே இருக்கிறது. கடைசியில் என்னை அனுப்பியது வசனம்கூட அல்ல. ஒரு மாலை புதிய வண்டியில் அதே பாலத்தின்மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தபோது, இந்நேரம் பழைய வண்டியில் யார் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தது. அதற்குப்பின் உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். அந்த இளைஞரைத் தனியே அழைத்து, வண்டி வெள்ளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது, விளக்கில் கோளாறு உண்டு, எனக்குத் தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

"வெள்ளத்துக்கு அப்புறம் இந்த ஷோரூமுக்கு வந்த ஒரு வண்டிகூட நனைஞ்சதில்ல ஐயா" என்றார். பின்பு, "எல்லார்கிட்டயும் கேப்பேன், யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். நீங்க மீட்டர் விஷயத்த நீங்களாவே சொன்னீங்கல்ல, அதனால நம்பிட்டேன்" என்றார்.

வண்டியை எடுத்த புரோக்கர் முகப்பு விளக்கின் உள்ளே வண்டல் படிந்திருப்பதைக் கண்டுபிடித்து, விலையைக் குறைத்துவிட்டாராம். நஷ்டத்தில் ஒரு பகுதியை இவருடைய அந்த மாத ஊக்கத்தொகையில் பிடித்திருக்கிறார்கள். இதை அவராகச் சொல்லவில்லை. நான் துருவிக் கேட்ட பிறகே சொன்னார்.

ஏமாற்றி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்போது, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது லேவியராகமம் 6ஆம் அதிகாரத்துப் பிரமாணம். சகேயு நாலத்தனையாகக் கொடுத்தான். எனக்கு அவ்வளவு தைரியமும் வசதியும் இல்லாததால் லேவியராகமத்தோடு நிறுத்திக்கொண்டேன். 16,000க்கும் 19,500க்கும் உள்ள வித்தியாசம் 3,500. அதில் ஐந்தில் ஒன்று 700. ஆக 4,200 ரூபாயை என் கைப்பணத்திலிருந்து கொண்டுபோயிருந்தேன். வாங்க ஆள் இல்லை. காசாளர் அம்மாவுக்கு அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பதென்று தெரியவில்லை. மேலாளர் வந்தார். "எங்க கம்ப்யூட்டர்ல இதுக்கு இடமே இல்லையே ஐயா" என்றார். பணத்தை வாங்குவதற்கு அவர்களிடம் அரைமணி நேரம் மன்றாடினேன். பேரம் பேசி வாங்கியதைவிட அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு அதிகம் பேச வேண்டியதாயிற்று. இறுதியில் பழைய வண்டி விலை வித்தியாசம் என்று கையால் எழுதி ஒரு ரசீது கொடுத்தார்கள். இளைஞரிடம் பிடித்ததைத் திரும்பக் கொடுப்பதாக மேலாளர் எனக்கு முன்பாகவே சொன்னார்.

வண்டி மட்டும் மிச்சம் இருந்தது. புரோக்கரின் எண்ணை வாங்கி விசாரித்ததில், அது ஒரு மீன் வியாபாரிக்கு விற்கப்பட்டிருந்தது. ஆர்.சி. புத்தகம் அப்போதும் என் பெயரிலேயே இருந்தது. இந்த இடத்தில் சற்று நின்று உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியைக் கொடுக்கும்போது படிவம் 29, படிவம் 30 என்று இரண்டில் கையெழுத்து வாங்குவார்கள். வாங்குகிறவர் பெயர் எழுதப்படாமல் வெறுமையாகவே இருக்கும். நானும் போட்டேன், நீங்களும் போட்டிருப்பீர்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறும்வரை அந்த வண்டி எங்காவது மோதினால் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. என் மனசாட்சி அறியாததுபோல நடித்த ஒன்றை அரசாங்கப் பதிவேடு சரியாகவே எழுதி வைத்திருந்தது. அது இன்னும் என் வண்டிதான்.

அவரைத் தேடிப் போனேன். ஐம்பது வயதுக்காரர். தினமும் அதிகாலை இரண்டரை மணிக்குப் புறப்பட்டுத் திரேஸ்புரம் ஏலத்துக்குப் போய், ஐஸ் பெட்டியில் மீனை நிரப்பிக்கொண்டு விடியுமுன் கிராமங்களுக்குத் திரும்புகிறவர். வண்டி வாசலில் நின்றது. அதன் ஹேண்டில்பாரில் ஒரு பழைய கைப்பேசி ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது.

"இது எதற்கு?" என்றேன்.

"லைட்டு நடுவழியில போயிருது சார். ரெண்டு தடவ போயிட்டு. பல்ப மாத்தினேன், சரியாவல. அதான் செல்லு டார்ச்ச வச்சு ஓட்டுறேன்."

நான் யார் என்று சொன்னேன். வண்டி வெள்ளத்தில் கிடந்ததையும், விளக்குக் கோளாறு எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"புரோக்கர் என்கிட்ட, இது ஒரு ஐயரு ஓட்டுன வண்டி, ஒரே ஓனரு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு சொன்னான். அதுக்காகத்தான் அவன் கேட்ட 21,000ஐயும் குறைக்காம குடுத்தேன்."

பிரியமானவர்களே, எனக்குப் பதில் இல்லை. மதிப்பீட்டாளர் எனக்காக 3,500 கூட்டினார். புரோக்கர் வண்டியோடு என்னையும் சேர்த்து விற்றார். இந்த மனிதர் என் காலருக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் என் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே வண்டியை நமது மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டிசம்பரில் சொன்னதை ஆகஸ்டில் செய்யத் தொடங்கினார். புதிய வயரிங் கிட், டிம்-டிப் சுவிட்ச், ஹாரன், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய். வேலை முடிய மறுநாள் ஆகும் என்றார். ஒரு நாள் வியாபாரம் போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே என் புதிய வண்டியின் சாவியை அவரிடம் கொடுத்தேன். தயங்கித் தயங்கி வாங்கினார். அதற்கடுத்த ஞாயிறு வண்டியில் மீன் வாடை அடிக்கிறதென்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்களே, அது இதனால்தான். இலவசமாக வாங்கிய சீட் கவரில் அந்த வாடை இன்னும் முழுவதும் போகவில்லை.

பெயர் மாற்றத்துக்கு நாங்கள் இருவருமாகவே அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பித்தோம். இப்போது வண்டி அவர் பெயரில் இருக்கிறது.

ஆகவே இனி யாராவது கேட்டால், பழைய வண்டிக்குக் கிடைத்தது 15,300 ரூபாய் என்று சொல்லுங்கள். வயரிங் செலவு தனி. இவை இரண்டும் என் கையிலிருந்து போனவை, சபைக் கணக்கில் எதுவும் இல்லை. கிளைச் சபை ஆலயத்துக்கு ஒதுக்கிய தொகையும் குறையவில்லை.

சென்ற வாரம் அந்த மீன் வியாபாரி நம் தெருவுக்கு வந்தார். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த விடியற்காலை. இருட்டில் தூரத்திலேயே விளக்கு தெரிந்தது. வாசலில் நிறுத்தி, ஹாரனை இரண்டு முறை அடித்துக் காட்டினார். ஹேண்டில்பாரில் கைப்பேசி இல்லை. சாளை என்ன விலை என்று கேட்டேன். கிலோ 160 என்றார். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

என் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நேத்து இதே சாளை 120க்கு வந்துச்சே, கேட்டு வாங்கக் கூடாதா?" என்றார்.